உரிமம் இல்லாத ஆசான்கள்: இந்தியப் பயிற்சியாளர் கல்வியின் ஆளுகைச் சிக்கல்

தமிழ்நாட்டு மைதானங்களில் ஒரு பயிற்சியாளரைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்தும்போது, பெயருக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது ‘என்.ஐ.எஸ். முடித்தவர்’ என்பதுதான். தனியார் அகாடமிகளின் பெயர்ப்பலகையில், கோடைக்கால முகாம் நோட்டீசில், பள்ளி ஆண்டுமலரில் எல்லாம் அந்த மூன்றெழுத்து இருக்கும். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் படித்தவர் என்பது அதன் பொருள். பெற்றோர் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. மைதானத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

அவர்கள் கேட்காத இரண்டு கேள்விகளிலிருந்து இந்தக் கட்டுரை தொடங்குகிறது. அந்தச் சான்றிதழ் இல்லாத ஒருவர் பக்கத்து மைதானத்தில் அதே வயதுப் பிள்ளைகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறதா? தடுக்கவில்லை. சான்றிதழ் பெற்ற ஒருவர் தன் பொறுப்பில் இருந்த சிறுமியிடம் தவறாக நடந்துகொண்டால், நீதிமன்றத் தண்டனைக்கு அப்பால், அவர் இனி எந்த மைதானத்திலும் பயிற்சியாளராக நிற்கக் கூடாது என்று தொழில்முறையில் விலக்கிவைக்க ஓர் அமைப்பு உண்டா? அதுவும் இல்லை.

பயிற்சியாளர் கல்வியைப் பற்றி நம் நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம் அது பாடத்திட்டத்தைச் சுற்றியே நடக்கிறது: உயிரியக்கவியல் போதவில்லை, உளவியல் பழையதாகிவிட்டது, செய்முறை நேரம் குறைவு என்று. இவை பொருட்படுத்த வேண்டிய குறைகள்தாம். ஆனால் மூலச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கற்பிப்பதும் சான்று தருவதும் வேலை கொடுப்பதும் ஒரே கையில் குவிந்திருக்கின்றன. விலக்கிவைக்கும் அதிகாரமோ, ஊக்கமருந்துக் குற்றம் தவிர, எந்தக் கையிலும் இல்லை. இந்த அமைப்பை மாற்றாமல் பாடத்திட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் பயன் குறைவாகவே இருக்கும்.

அரண்மனையில் தொடங்கிய பள்ளி

சுதந்திர இந்தியாவில் முறையான விளையாட்டுப் பயிற்சிக்கு அரசு எடுத்த முதல் பெரிய முயற்சி 1953ல் தொடங்கிய ராஜ்குமாரி அம்ரித் கௌர் பயிற்சித் திட்டம். தேர்ந்த ஆட்டக்காரர்களையும் வெளிநாட்டு வல்லுநர்களையும் கொண்டு முகாம்கள் நடத்துவது அதன் முறை. முகாம் முடிந்ததும் வல்லுநர் போய்விடுவார்; ஊரில் மிஞ்சுவது நினைவுதான். பயிற்சி கொடுப்பவர்களை உள்நாட்டிலேயே உருவாக்க ஒரு நிரந்தர நிறுவனம் வேண்டும் என்ற எண்ணம் அந்த அனுபவத்திலிருந்து வலுப்பெற்றது. பாட்டியாலா மகாராஜா யாதவேந்திர சிங் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. 1961 மே 7 அன்று பாட்டியாலாவின் பழைய மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. தயான் சந்த் அங்கே ஹாக்கியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1973ல் அது நேதாஜி சுபாஷ் பெயரைப் பெற்றது.

இந்த நிறுவனத்தின் சாதனையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. உடலியங்கியலையும் பயிற்சிக் கோட்பாட்டையும் ஓடுதளத்தோடு இணைத்துப் படிக்க முடியும் என்பதை ஒரு தலைமுறைக்கே காட்டியது பாட்டியாலாதான். விமானப்படையில் பணியாற்றிவிட்டுப் பயிற்சிக்கு வந்த ஓ.எம். நம்பியார் கண்ணூரில் ஒரு சிறுமியின் ஓட்டத்தைக் கண்டெடுத்தார். அந்தச் சிறுமி பி.டி. உஷா 1984ல் லாஸ் ஏஞ்சல்சில் நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கத்தைத் தவறவிட்டார். மறு ஆண்டு துரோணாச்சாரியா விருது ஏற்படுத்தப்பட்டபோது முதலில் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர்.

ஆனால் டிப்ளமா எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அறுபதுகளில் பயிற்சியாளரை வேலைக்கு வைத்திருந்தவை பெரும்பாலும் அரசும் ராணுவமும் ரயில்வேயும்தான். அரசுப் பணியிடத்துக்குக் கல்வித் தகுதி எழுதியாக வேண்டும். அந்தத் தகுதியாக டிப்ளமா அமைந்தது. பிறப்பிலேயே அது வேலைக்கான தகுதிச் சீட்டு. குழந்தையின் உடலை நம்பி ஒப்படைக்கத் தக்கவர் இவர் என்று சமூகத்துக்குக் கொடுக்கும் உறுதிமொழியாக அதை யாரும் அப்போது கருதவில்லை. தனியார் அகாடமி என்ற ஒன்றே அரிதாக இருந்த காலத்தில் அந்த வேறுபாடு பெரிதாக உறுத்தவும் இல்லை.

திருப்பம் எண்பதுகளில் வந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குக் கட்டிய அரங்குகளைப் பராமரிக்க 1984ல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. அதுவரை பாட்டியாலாவை நடத்திவந்தது ஸ்னைப்ஸ் என்று அழைக்கப்பட்ட தனிச் சங்கம். 1987ல் அந்தச் சங்கம் ஆணையத்தோடு இணைக்கப்பட்டது. அரங்கும் விடுதியும் பள்ளியும் ஒரே கூரையின்கீழ் வந்தால் செலவு குறையும், வேலை வேகமாக நடக்கும் என்பது நிர்வாகக் கண்ணுக்குச் சரியாகவே பட்டிருக்கும். அன்றைக்கு இழந்தது என்ன என்பதைப் பிறகு யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம். கல்வி நிறுவனம் ஒன்று தன் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் முதலாளியின் ஒரு பிரிவாக மாறியது.

ஒரே வீட்டில் நான்கு வேலை

இன்று ஆணையத்தின் நிலையைப் பாருங்கள். பாட்டியாலாவிலும் பெங்களூரு, கொல்கத்தா, திருவனந்தபுரம் போன்ற மையங்களிலும் பயிற்சியாளர் படிப்பை நடத்துவது அது. தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவது அது. அந்தச் சான்றிதழைத் தகுதியாகக் கேட்டு விளம்பரம் கொடுத்து ஆளெடுப்பது அது. எடுத்தவரின் பணியை மதிப்பிட்டு ஒப்பந்தத்தை நீட்டிப்பதும் முடிப்பதும் அது. இத்தனைக்கும் மேலே துறை அமைச்சரே ஆணையத்தின் தலைவர். அன்றாட நிர்வாகம் பொதுவாக இந்திய ஆட்சிப்பணி அதிகாரியான தலைமை இயக்குநரிடம். அவர் சில ஆண்டுகளில் வேறு துறைக்கு மாறிப் போவார்.

தன் மாணவரைத் தானே சோதித்து, தானே வேலைக்கு எடுத்து, தானே மதிப்பிடும் அமைப்பு தன் கல்வியின் குறையை எப்படிக் கண்டுபிடிக்கும்? அங்கே இருப்பவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவர்களுக்கும் குறையைச் சொல்லும் வழி அடைபட்டிருக்கிறது என்கிறேன். மருத்துவக் கல்லூரி தன் மாணவருக்குப் பட்டம் தருகிறது. மருத்துவம் பார்க்கும் உரிமையை மருத்துவக் கவுன்சிலின் பதிவு தருகிறது. சட்டக் கல்லூரிக்கும் வழக்கறிஞர் கழகத்துக்கும் இடையே இருப்பதும் அதே இடைவெளிதான். பயிற்சியாளருக்கு அந்த இடைவெளியே கிடையாது.

ஆளெடுப்பு விளம்பரங்களில் வழக்கமாக ஒரு விதிவிலக்கு இருக்கும். ஒலிம்பிக் அல்லது உலக அளவில் பதக்கம் வென்றவர்களும் துரோணாச்சாரியா விருது பெற்றவர்களும் டிப்ளமா இல்லாமலே விண்ணப்பிக்கலாம். சிறந்த ஆட்டக்காரரின் அனுபவம் மதிப்புடையது; அவரைப் பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனாலும் குழந்தைப் பாதுகாப்பு, வளர்ச்சிப் பருவத்தின் காயங்கள், ஊக்கமருந்து விதிகள் ஆகிய மூன்றையும் பதக்கம் கற்றுத் தராது. இவற்றைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று பதக்கக்காரரிடம் கேட்காத அமைப்பு, தன் சான்றிதழின் உள்ளடக்கத்தைத் தானே பொருட்படுத்தவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பம் பெயரில் இருக்கிறது. ஓராண்டு டிப்ளமா ஒன்று. கோடையில் நடக்கும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இன்னொன்று. ஆறு வாரப் படிப்பு தன் அளவில் பயனுள்ளதே. உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் விடுமுறையைச் செலவழித்து ஆர்வத்தோடு போய்ப் படிக்கிறார்கள். வெளியே வந்ததும் இரண்டும் ‘என்.ஐ.எஸ்.’ ஆகிவிடுகின்றன. யார் எதைப் படித்தார், எப்போது படித்தார், அதன்பின் ஏதாவது கற்றாரா என்று ஒரு தகப்பன் தன் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பொதுப் பதிவேடு இல்லை. இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பு வாங்கிய டிப்ளமா இன்றும் அப்படியே செல்லும்.

இதற்கிடையே ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென ஏணி கட்டிக்கொண்டுவிட்டது. கால்பந்தில் ஆசியக் கூட்டமைப்பின் டி முதல் புரோ வரையிலான உரிமங்கள் உண்டு. அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். உயர்மட்டக் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளருக்கு உரிய உரிமம் கட்டாயம். சதுரங்கத்தில் ஃபிடே தரும் பயிற்றுநர் பட்டங்கள். பிரக்ஞானந்தாவை உருவாக்கிய சென்னையின் ஆர்.பி. ரமேஷ் போன்றவர்களின் தகுதியை உலகம் அறிவது அந்த வழியில்தான். ஹாக்கிக்கும் பூப்பந்துக்கும் தடகளத்துக்கும் தனித்தனி நிலைகள் இருக்கின்றன. கிரிக்கெட் வாரியம் பெங்களூருவில் தன் சொந்தப் படிப்பை நடத்துகிறது. மணிப்பூரின் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகமும் நம் ஊரின் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் பட்டங்கள் தருகின்றன. இந்த ஏணிகளில் எந்தப் படி எந்தப் படிக்குச் சமம் என்று அறுதியிட்டுச் சொல்லும் பொதுச் சட்டகம் இல்லை. பன்மை நல்லதுதான். அளவுகோல் இல்லாத பன்மையில் ஏமாறுபவர்கள் ஏழைப் பெற்றோர்.

விலக்க முடியாதவர்

ஆளுகைக் குறையின் விலை தெரிவது தவறு நடக்கும்போதுதான். 2011ல் பெண்கள் 4x400 தொடர் ஓட்ட அணியைச் சேர்ந்தவர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் அடுத்தடுத்துச் சிக்கினார்கள். முந்தைய ஆண்டில்தான் அந்த அணியை நாடே கொண்டாடியிருந்தது. அவர்களின் உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஓட வந்த பெண்கள் தடையையும் அவமானத்தையும் சுமந்தார்கள். அதற்குப்பின் நிலைமை மேம்பட்டதா என்றால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023 கணக்கின்படி இந்தியாவின் 5,606 மாதிரிகளில் இருநூறுக்கும் மேற்பட்டவை தவறின. பெரிய அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக மோசமான விகிதம். பதினெட்டு வயதுப் பெண் ஸ்டானோசோலால் என்ற மருந்தைத் தானாகத் தேடிப் போவதில்லை. யாரோ ஒரு ‘மாஸ்டர்’ கையில் கொடுக்கிறார். 2022ன் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் பயிற்சியாளரையும் தன் வரம்பில் சேர்க்கிறது. நம்மிடம் உள்ள ஒரே விலக்கும் அதிகாரம் அதுதான் எனலாம். ஆனால் பதிவே இல்லாத பயிற்சியாளரை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே. இந்தச் சங்கடத்தை உணர்ந்துதான் 2025ல் இந்தியத் தடகளக் கூட்டமைப்பு, படித்தவரோ படிக்காதவரோ எல்லாப் பயிற்சியாளர்களும் தன்னிடம் பதிந்தாக வேண்டும், பதியாதவர் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படுவார் என்று அறிவித்தது.

பாலியல் அத்துமீறலில் நிலைமை இதைவிடக் கவலை தருவது. 2013ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டு நிறுவனத்தையும் அரங்கத்தையும் வெளிப்படையாகப் பணியிடம் என்று வரையறுக்கிறது. போக்சோ சட்டம் 2012லிருந்து இருக்கிறது. ஆகவே தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. தண்டனைக்கு முன்னும் பின்னும் உள்ள வெளியில்தான் யாரும் இல்லை. 2022ல் வெளிநாட்டு முகாமுக்குப் போயிருந்த சைக்கிள் வீராங்கனை ஒருவர் புகார் கொடுத்தார். விளையாட்டு ஆணையம் விரைந்து விசாரித்துப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை முடித்தது. பெண்கள் அணியோடு பெண் பயிற்சியாளர் ஒருவர் பயணம் செய்ய வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தது. பாராட்டத்தக்க வேகம். ஆயினும் ஒப்பந்தத்தை முடிப்பது முதலாளி எடுக்கும் நடவடிக்கை. ஒரு முதலாளி வெளியேற்றியவரை இன்னொரு முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அல்லது அவரே ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடித்து அகாடமி தொடங்கலாம்.

ஓர் அணியோடு பயணிப்பவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். மருத்துவருக்குக் கவுன்சில் பதிவு உண்டு. இயன்முறை மருத்துவரைத் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ன் தேசிய ஆணையச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பள்ளியின் பி.டி. மாஸ்டர் படித்த பி.பி.எட். படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்த வரிசையில் குழந்தையோடு அதிக நேரம் கழிப்பவர், அதன் உணவு, உறக்கம், எடை, மாதவிலக்கு வரை அறிந்திருப்பவர், அணியில் இடம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பவர் பயிற்சியாளர். அவருக்கு மட்டும் எதுவும் இல்லை. இந்தத் தலைகீழ் வரிசையை நியாயப்படுத்தும் ஒரு வாதத்தைக்கூட நான் இதுவரை கண்டதில்லை.

அரசமைப்பு தடையா?

விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு தேசிய உரிமம் கொண்டுவர முடியாது என்பது அடிக்கடி சொல்லப்படும் பதில். ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 33ஆம் பதிவு விளையாட்டையும் கேளிக்கையையும் சேர்த்துச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் பயிற்சி கொடுப்பது ஒரு தொழில். சட்டம், மருத்துவம் மற்றும் பிற தொழில்கள் பொதுப் பட்டியலின் 26ஆம் பதிவில் இருக்கின்றன. கல்வி 25ஆம் பதிவில். பயிற்சியாளரை விளையாட்டின் உறுப்பாகப் பார்க்காமல் தொழிலராகப் பார்த்தால் மத்தியும் மாநிலமும் சேர்ந்து சட்டம் செய்ய வழி திறந்தே இருக்கிறது. மாநிலங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு நாளையே தன் எல்லைக்குள் ஒரு பதிவேட்டைத் தொடங்கலாம்.

2025ன் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் தேசிய விளையாட்டு வாரியத்தையும் தீர்ப்பாயத்தையும் அமைக்கிறது, பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையைக் கோருகிறது. வரவேற்க வேண்டியவை. அதன் பார்வை பெரும்பாலும் கூட்டமைப்புகளின் தேர்தல், அங்கீகாரம், நிர்வாகக் குழு ஆகியவற்றின்மீது இருக்கிறது. தெருமுனை அகாடமியின் பயிற்சியாளர் அந்தப் பார்வைக்குள் வருவதில்லை.

பிறர் கட்டிய வேலி

பிரான்சில் ஊதியம் பெற்றுக்கொண்டு விளையாட்டுக் கற்பிக்க, அங்கீகரிக்கப்பட்ட தகுதி சட்டப்படி கட்டாயம். தகுதியின்றிக் கற்பிப்பது குற்றம். பயிற்சியாளர் தன்னைப் பதிவுசெய்து தொழில் அட்டை பெற வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது அவருடைய குற்றப்பதிவு சரிபார்க்கப்படும். கற்பிப்பது கூட்டமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் பயிற்சி மையங்களும். உரிமையைத் தருவதும் பறிப்பதும் அரசு நிர்வாகம். அந்த வேலியிலும் ஓட்டை இருந்தது. ஊதியம் பெறாத தன்னார்வப் பயிற்சியாளர்கள் சோதனைக்கு வெளியே நின்றார்கள். 2020ல் சறுக்கு நடன வீராங்கனை சாரா அபித்போல் தன் இளமையில் பயிற்சியாளரால் நேர்ந்த பாலியல் கொடுமையை வெளியே சொன்னபின் அந்த ஓட்டையை அடைக்கும் வேலை தொடங்கியது.

நம்மைப் போன்ற கூட்டாட்சி நாடான கனடாவின் பாடம் வேறு. அங்கே தேசியப் பயிற்சியாளர் சான்றிதழ்த் திட்டம் 1974லிருந்து நடக்கிறது. பாடத்தை விளையாட்டுக் கூட்டமைப்புகளும் மாகாணங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஓர் எண், அவர் பயின்றவரா சான்று பெற்றவரா என்று காட்டும் பொதுத் தரவுத்தளம், சான்றைத் தக்கவைக்கத் தொடர்கல்வி. கல்வியாகப் பார்த்தால் சிறந்த ஏற்பாடு. ஆனாலும் அது உரிமம் ஆகவில்லை. அதனால் காக்க வேண்டியவர்களைக் காக்கவும் முடியவில்லை. ஐஸ் ஹாக்கி வீரர் ஷெல்டன் கென்னடி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பற்றி முன்வந்து பேசியதால் அவருடைய பழைய பயிற்சியாளர் 1997ல் சிறைக்குப் போனார். அதே மனிதரை 1989ல் ஒரு புகழ்பெற்ற ஹாக்கி இதழ் ஆண்டின் சிறந்த மனிதர் என்று தேர்ந்தெடுத்திருந்தது. வெற்றியைக் கொண்டு பயிற்சியாளரை அளக்கும் எந்த விருதுக்கும், நம் துரோணாச்சாரியாவுக்கும்கூட, இந்தக் குருட்டுப்புள்ளி உண்டு. பொதுமக்கள் பார்க்கக்கூடிய தடைப்பட்டியல் கனடாவில் 2024ல்தான் வந்தது.

பதிவேட்டைக் கூட்டமைப்புகளிடமே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். தடகளக் கூட்டமைப்பின் முன்முயற்சியை மதிக்கிறேன். ஆனால் உடன்பட முடியவில்லை. அணித் தேர்வும் புகார் விசாரணையும் ஒரே இடத்தில் இருந்தால் புகார் வராது. 2023 ஜனவரியில் ஜந்தர் மந்தரில் வினேஷ் போகட்டும் சாக்ஷி மாலிக்கும் பஜ்ரங் புனியாவும் உட்கார்ந்தபோது, அவர்களுடைய பாலியல் குற்றச்சாட்டு மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர்மீதே இருந்தது. உலகப் பதக்கம் வென்றவர்களுக்கே தெருவுக்கு வருவதைத் தவிர வழி தெரியவில்லை என்றால், மாவட்ட மீட்டில் ஓடும் பெண் யாரிடம் போவாள்?

கிராமத்து ஆசான்

என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உரிமம் கட்டாயமானால் கபடிக் குழுவுக்கு மாலையில் பயிற்சி கொடுக்கும் விவசாயியும், தலைமுறையாகச் சிலம்பம் கற்றுத் தரும் ஆசானும், பத்தாம் வகுப்பு தாண்டாத பழைய ஆட்டக்காரரும் மைதானத்தை விட்டுத் துரத்தப்படுவார்கள். உரிமம் கொடுக்கும் மேசையில் லஞ்சம் முளைக்கும். ஆங்கிலம் தெரிந்த நகரத்தார் மட்டும் மிஞ்சுவார்கள். இந்த அச்சம் நியாயமானது. இந்திய விளையாட்டு இன்றுவரை உயிரோடு இருப்பது பெரும்பாலும் சம்பளமில்லாமல் விசில் ஊதும் அந்த மனிதர்களால்தான்.

எனவே முதல் படியில் கல்வித் தகுதியே கேட்கக் கூடாது. அடையாளம், காவல்துறைச் சரிபார்ப்பு, குழந்தைப் பாதுகாப்பும் முதலுதவியும் ஊக்கமருந்து விதிகளும் சொல்லித்தரும் இரண்டு நாள் வகுப்பு, அதுவும் தாய்மொழியில், கட்டணமின்றி, வட்டத் தலைநகரிலேயே. இவ்வளவு போதும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சி தரும் எவருக்கும், பதக்கம் வென்றவர் உட்பட, இது கட்டாயம். டிப்ளமாவும் கூட்டமைப்பு உரிமங்களும் மேல்படிகளில், அவரவர் தகுதிக்கேற்ற இடத்தில் பதிவாகட்டும். பதிவேட்டை நடத்தும் மன்றம் விளையாட்டு ஆணையத்துக்கும் கூட்டமைப்புகளுக்கும் வெளியே இருக்க வேண்டும். அதில் பயிற்சியாளர்களும் முன்னாள் வீராங்கனைகளும் குழந்தை உரிமை அறிந்தவர்களும் இடம்பெற வேண்டும். அதன் முடிவை எதிர்த்துப் புதிய தீர்ப்பாயத்துக்குப் போக வழி வேண்டும். பொய்ப் புகாரால் ஒரு நல்ல ஆசான் அழிந்துவிடாமல் இருக்கவும் அந்த மேல்முறையீடு அவசியம்; விசாரணை இல்லாத வாய்வழிப் பழிதான் இன்று அவர்களையும் அழிக்கிறது.

ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரலாம். பாட்டியாலா அறுபது ஆண்டுக்கு மேலாகத் தேர்வு நடத்திவருகிறது. அதன் பழைய தேர்ச்சிப் புத்தகங்களைத் திறந்து, டிப்ளமாக்காரர்கள் யார், ஆறு வாரக்காரர்கள் யார், இன்றும் மைதானத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று ஊர்வாரியாகப் பிரித்து வெளியிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பதிவேட்டின் முதல் பக்கங்களை அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம்.